யூட்டாவில் கோடு போடுவது யார்? தொகுதி வரைபடத் தீர்ப்பு, பேசலாம் வாங்க

உப்பேரிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

டெக்சாஸ், கலிஃபோர்னியா தொகுதி வரைபடச் சண்டைச் சத்தத்தில் எங்கள் ஊர்ச் செய்தி நம் ஆட்கள் காதில் விழவே இல்லை போலிருக்கிறது. 2025 நவம்பர் 10ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் டயானா கிப்சன் என்ற நீதிபதி, மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தொகுதி வரைபடத்தைத் தள்ளிவிட்டு, வழக்குத் தொடுத்தவர்கள் கொடுத்த வரைபடத்தையே 2026 தேர்தலுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் கெடு. அதற்கு மேல் தள்ளினால் தேர்தல் வேலைகள் கெட்டுவிடும் என்று துணை ஆளுநர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

யூட்டா தெரியாதவர்களுக்காக: இது பச்சை... இல்லை, சிவப்பு மாநிலம். இங்கே சிவப்பு என்றால் குடியரசுக் கட்சி, நீலம் என்றால் ஜனநாயகக் கட்சி, செங்கொடியை நினைத்துக்கொண்டு யாரும் வந்துவிடாதீர்கள். 1964க்குப் பிறகு அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி இங்கே ஜெயித்ததே கிடையாது. 2024ல் டிரம்புக்கு 59 சதவீதம். காங்கிரசுக்கு 4 இடம், நாலும் குடியரசுக் கட்சி. ஆனால் சால்ட் லேக் நகரமும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் நீலம், நகர மேயர்கள் பல பத்தாண்டுகளாக ஜனநாயகக் கட்சிக்காரர்கள்தான்.

இப்படிப்பட்ட மாநிலத்தில் 2018ல் ப்ராபோசிஷன் 4 என்று ஒன்றை மக்களே கையெழுத்து வாங்கி வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். கட்சி லாபத்துக்காகத் தொகுதி வரையக் கூடாது, சுயேச்சையான ஆணையம் ஒன்று வரைபடம் தயாரிக்கும், சட்டமன்றம் அதை ஏற்க வேண்டும் அல்லது ஏன் ஏற்கவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும். 50.3 சதவீதத்தில் நூலிழையில் ஜெயித்தது. அந்த எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இங்கே ஜனநாயகக் கட்சிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து போட்டாலும் 50ஐத் தொட முடியாது. குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களில் கணிசமானவர்கள் "எங்கள் கட்சியாகவே இருந்தாலும் பென்சிலை அதன் கையில் தனியாகக் கொடுக்காதே" என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், ஆனால் எல்லா செய்தியிலும் "ஜனநாயகக் கட்சிக்கு ஒரு சீட் கிடைத்தது" என்பதோடு முடித்துவிடுகிறார்கள்.

2020ல் சட்டமன்றம் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு, ஆணையம் சும்மா ஆலோசனை சொல்லலாம் என்கிற அளவுக்கு வெட்டிச் சுருக்கியது. 2021ல் ஆணையம் ஊர் ஊராகப் போய்க் கருத்துக் கேட்டு வரைந்து கொடுத்ததை ஓரமாக வைத்துவிட்டு, தன் வரைபடத்தை நிறைவேற்றியது. சால்ட் லேக் கவுண்டி (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) நாலு துண்டு. மில்கிரீக் என்று ஒரு சின்ன ஊர், அதுவும் நாலு துண்டு. காரை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனால் நாலு எம்.பி.யின் எல்லையைத் தாண்டலாம் என்று இங்கே கிண்டல் செய்வார்கள், உண்மையும் அதுதான்.

2022ல் லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ், மார்மன் விமன் ஃபார் எதிக்கல் கவர்ன்மென்ட் என்ற இரண்டு பெண்கள் அமைப்புகளும் சில வாக்காளர்களும் வழக்குப் போட்டார்கள். இரண்டாவது பெயரைக் கவனியுங்கள். மாநிலத்தின் மிகப் பெரிய மதப் பிரிவைச் சேர்ந்த பெண்கள், வெளியிலிருந்து வந்த கலகக்காரர்கள் இல்லை. மூன்றரை வருஷம் இழுத்து இங்கே வந்து நிற்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

தஞ்சாவூரான்

உப்பேரி அண்ணா, அடிப்படைக் கேள்வி. இந்தியாவில் இதற்கென்று தனி ஆணையம் இருக்கிறதே, அமெரிக்காவில் கட்சிக்காரர்களே வரைந்துகொள்வார்களா? நம் ஊர் மறுவரையறைச் சண்டையும் இதுவும் ஒன்றா?

பழைய வக்கீல்

ஒன்று இல்லை தம்பி. நம் ஊர்ச் சண்டை எந்த மாநிலத்துக்கு எத்தனை சீட் என்பது. இது சீட் எண்ணிக்கை முடிவான பிறகு மாநிலத்துக்குள்ளே கோடு எங்கே போகிறது என்பது. இரண்டையும் போட்டுக் குழப்பினால் இந்த இழை இருபது பக்கம் போகும், வேண்டாம்.

பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றம்தான் வரையும், பத்து வருஷத்துக்கு ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும். சில மாநிலங்களில் மட்டும் ஆணையம். நோய் பழசு. 1812ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி கையெழுத்துப் போட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்கிற பல்லி மாதிரி ஜந்துவைப் போல நெளிந்து கிடந்தது, அவர் பெயரையும் அந்த ஜந்துவையும் ஒட்டி ஜெரிமாண்டர் என்று பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். மனுஷர் பின்னாளில் துணை அதிபரே ஆனார், ஆனால் பெயர் நின்றது இதற்காகத்தான்.

வித்தை இரண்டே இரண்டு. எதிராளியின் ஓட்டை உடைத்து நாலு தொகுதியில் தூவி எங்கும் ஜெயிக்க முடியாமல் பண்ணுவது ஒன்று. எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டி, அங்கே மட்டும் 80 சதவீதத்தில் ஜெயித்துக்கொள் என்று விட்டுவிடுவது இன்னொன்று. யூட்டாவில் நடந்தது முதல் வகை.

2019ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ருச்சோ வழக்கில் 5க்கு 4 என்று, கட்சி லாபத்துக்காக வரைவதை ஃபெடரல் நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று கையைக் கழுவிவிட்டது. இனத்தை வைத்து வரைந்தால் கேட்கும், கட்சியை வைத்து வரைந்தால் கேட்காது. ஆனால் மாநிலச் சட்டப்படி மாநில நீதிமன்றம் பார்த்துக்கொள்ளலாம் என்ற கதவை மட்டும் திறந்து வைத்தது. யூட்டா வழக்கு அந்தக் கதவு வழியாகத்தான் போனது.

ஃப்ரிஸ்கோ மாமா

சரி, எல்லோரும் கைதட்டி முடித்துவிட்டீர்களா? நான் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கண்டுபிடித்த மாதிரி யாரும் குதிக்க வேண்டாம்.

அமெரிக்க அரசியல் சாசனம் முதல் பிரிவிலேயே காங்கிரஸ் தேர்தல் எப்படி நடக்க வேண்டும் என்பதை மாநிலச் சட்டமன்றம் முடிவு செய்யும் என்று எழுதியிருக்கிறது. நீதிபதி என்று எழுதவில்லை. வழக்குப் போட்டவன் கொண்டுவந்த வரைபடத்தையே எடுத்து "இதுதான் இனி" என்று சொல்வது என்ன நியாயம்? நாளைக்கு நிலத் தகராறில் எதிர்வீட்டுக்காரன் வரைந்த பத்திரத்தையே கோர்ட் ஏற்றுக்கொண்டால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? 50.3 சதவீதம் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். அந்தச் சட்டமன்றத்தையும் அதே மக்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள், திரும்பத் திரும்ப, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கொடுத்து. பிடிக்கவில்லை என்றால் அடுத்த தேர்தலில் தோற்கடித்திருக்கலாமே?

பழைய வக்கீல்

மாமா, சாசன வாதம் 2023ல் மூர் வழக்கில் 6க்கு 3 என்று முடிந்துபோனது. சட்டமன்றம் என்றால் அது தன் மாநிலச் சாசனத்துக்குக் கட்டுப்பட்ட சட்டமன்றம், வானத்தில் மிதக்கிற ஒன்று இல்லை. அதற்கு முன்னால் 2015ல் அரிசோனா ஆணைய வழக்கிலும் மக்கள் வாக்கெடுப்பு வழியாக ஆணையம் வைத்தது செல்லும் என்றார்கள்.

யூட்டா சாசனத்தில் முதல் அத்தியாயம் இரண்டாம் பிரிவு, அரசியல் அதிகாரம் எல்லாம் மக்களிடம், அரசாங்கத்தைத் திருத்தியமைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்கிறது. 2024 ஜூலையில் யூட்டா உச்ச நீதிமன்றம் சொன்னது இதை வைத்துத்தான்: அரசாங்கத்தைச் சீர்திருத்த மக்கள் நேரடியாகக் கொண்டுவந்த சட்டத்தைச் சட்டமன்றம் இஷ்டத்துக்கு வெட்டிப்போட முடியாது, மிக வலுவான காரணம் காட்ட வேண்டும். ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில். ஐந்து பேருமே குடியரசுக் கட்சி ஆளுநர்கள் நியமித்தவர்கள்.

உப்பேரிக்காரன்

வக்கீல் சார் சொன்னதோடு ஒன்று: கிப்சனையும் நியமித்தது குடியரசுக் கட்சி ஆளுநர்தான். அதனால் "இடதுசாரி நீதிபதி" என்று இங்கே சிலர் கத்துவது எடுபடவில்லை.

மாமா, "அடுத்த தேர்தலில் தோற்கடி" என்றீர்களே. அங்கேதான் சிக்கல். யார் ஜெயிப்பார் என்பதைத் தீர்மானிக்கிற கோட்டை, ஜெயித்தவரே வரைகிறார். எங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன்.

ஜிம் மாதிசன் என்று ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர். 2000ல் சால்ட் லேக் பக்கம் ஜெயித்தார். 2001ல் வரைபடம் மாற்றினார்கள், அவர் தொகுதி மலையெல்லாம் தாண்டி, பாலைவனம் தாண்டி, தெற்கே செயின்ட் ஜார்ஜ் வரை நீண்டது. 2002ல் சுமார் 1,600 ஓட்டில் தப்பித்தார். பத்து வருஷம் அங்கேயே ஓட்டினார், மனுஷர் துப்பாக்கிக்கு ஆதரவான, தன் கட்சிக்கே எதிராக ஓட்டுப் போடத் தயங்காத ஆள். 2011ல் மறுபடி துண்டு போட்டார்கள். பக்கத்துத் தொகுதிக்குத் தாவினார், 2012ல் மியா லவ்விடம் 768 ஓட்டில் ஜெயித்தார். அவர் விலகியதும் 2014ல் லவ் ஜெயித்தார். 2018ல் கவுண்டி மேயராக இருந்த பென் மெக் ஆடம்ஸ், லவ்வை 694 ஓட்டில் வீழ்த்தினார். 2020ல் பர்ஜஸ் ஓவன்ஸ் ஒரே ஒரு சதவீத வித்தியாசத்தில் அவரை வீழ்த்தினார்.

பார்த்தீர்களா, மூச்சுமுட்டுகிற தேர்தல்கள். 694, 768. வீட்டு வாசலில் வந்து கதவைத் தட்டுவார்களாம், இரண்டு கட்சிக்காரர்களும், ஒரே நாளில். நாலு துண்டான பிறகு 2022ல் அதே ஓவன்ஸ் முப்பதை ஒட்டிய சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆள் மாறவில்லை, கோடு மாறியது. நான் இங்கே வந்து ஒன்பது வருஷம், 2018 அக்டோபரில் எங்கள் தெருவில் ஒரு நாளைக்கு மூன்று பேர் வந்து துண்டுச்சீட்டுக் கொடுத்தது நினைவிருக்கிறது. 2022ல் ஒருத்தரும் வரவில்லை. எதற்கு வருவார்கள்?

கணக்கு வாத்தியார்

நான் கட்சிச் சண்டைக்கு வரவில்லை. நேற்று ராத்திரி டேவ்ஸ் ரீடிஸ்ட்ரிக்டிங் என்ற இலவசத் தளத்தில் யூட்டாவை நானே வரைந்து பார்த்தேன், அந்த அனுபவத்தைச் சொல்கிறேன். எச்சரிக்கை: ஒரு முறை உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. வீட்டில் திட்டு வாங்கினேன்.

2020 கணக்குப்படி யூட்டா மக்கள்தொகை 32,71,616. நாலால் வகுத்தால் தொகுதிக்கு 8,17,904. காங்கிரஸ் தொகுதி என்றால் ஏறக்குறைய ஒரு ஆள்கூட வித்தியாசம் இல்லாமல் சமமாக இருக்க வேண்டும், அது இங்கே கண்டிப்பான விதி. மொத்தம் 29 கவுண்டி. சால்ட் லேக் கவுண்டி மட்டும் 11.85 லட்சம், அதே நேரம் டேகெட் கவுண்டியில் ஆயிரம் பேர்கூட இல்லை.

முதல் பாடம்: சால்ட் லேக் கவுண்டியை உடைக்காமல் இருக்க முடியாது. 11.85 லட்சம் ஒரு தொகுதியில் அடங்காது. ஆக "கவுண்டியைத் துண்டாக்கிவிட்டார்கள்" என்று பொதுவாகப் புலம்புவது தப்பு, இரண்டு துண்டு கட்டாயம். ஆனால் நாலு துண்டு கட்டாயம் இல்லை. முழுக்க முழுக்க கவுண்டிக்குள்ளேயே ஒரு தொகுதி வரைந்த பிறகும் மூன்றரை லட்சத்துக்கு மேல் மிச்சம் இருக்கும்.

இரண்டாவது பாடம், இதுதான் எனக்குப் பிடித்தது. வடக்கே போங்கள். டேவிஸ் 3,62,679, வெபர் 2,62,223, கேஷ் 1,33,154, பாக்ஸ் எல்டர் 57,666. கூட்டுங்கள்: 8,15,722. தேவை 8,17,904. வெறும் 2,182 பேர் குறைவு! பக்கத்திலேயே ரிச் கவுண்டி இருக்கிறது, அதில் இரண்டரை ஆயிரம் பேர்தான். அதில் முன்னூறு சொச்சம் பேரை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சேர்த்தால் ஒரு தொகுதி தயார். யாரோ கணக்குப் போட்டு மக்களைக் குடியேற்றிய மாதிரி அமைந்திருக்கிறது. நாலு கவுண்டி முழுசாக, ஒன்றே ஒன்று லேசாக உடைந்து. இதைப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன், பொய்யில்லை.

மூன்றாவது பாடம்: சால்ட் லேக் கவுண்டியில் எங்கே வெட்டுவது? வடக்கிலிருந்து சால்ட் லேக் நகரம், மில்கிரீக், மர்ரி, வெஸ்ட் வேலி என்று கூட்டிக்கொண்டே வந்தால் நீலத் தொகுதி ஒன்று தானாக விழுகிறது. நான் கட்சி விவரத்தை மறைத்து வைத்துவிட்டு, ஊர்களை உடைக்காமல், வட்டமாக வரும்படி மட்டும் வரைந்தேன், கடைசியில் திறந்து பார்த்தால் மூன்று சிவப்பு, ஒரு நீலம். டிரேப்பர், ஹெரிமன், ரிவர்ட்டன் போன்ற தெற்குப் பகுதிகள் யூட்டா கவுண்டியோடு போகின்றன, அந்த ஆட்களில் பலர் வேலைக்குப் போவதும் அந்தப் பக்கம்தான். எனவே நீலத் தொகுதி வராமல் தடுக்க வேண்டும் என்றால்தான் மெனக்கெட வேண்டும். வரவழைக்க மெனக்கெட வேண்டியதில்லை.

ப்ராபோசிஷன் 4ல் வரிசை போட்டு எழுதியிருக்கிறார்கள்: முதலில் சம மக்கள்தொகை, அப்புறம் ஊர்களையும் கவுண்டிகளையும் முடிந்தவரை உடைக்காதே, அப்புறம் நெருக்கமான வடிவம், போக்குவரத்து வசதி, பழைய அக்கம்பக்கங்கள், மலை ஆறு. அந்த வரிசையை அப்படியே பின்பற்றினால் நான் வரைந்த மாதிரிதான் வரும், கொஞ்சம் முன்னே பின்னே.

ஃப்ரிஸ்கோ மாமா

வாத்தியார் சார், உங்கள் கணக்கு சரி. ஆனால் ஒரு அரசியல் கேள்வி. மாசசூசெட்சில் 9 சீட், 9ம் ஜனநாயகக் கட்சி. அங்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் டிரம்புக்கு ஓட்டு விழுகிறது. அங்கே எந்த நீதிபதி நள்ளிரவில் கண்விழித்தார்? இல்லினாயில் 17ல் 14 அவர்களுக்கு. கலிஃபோர்னியாவில் ஆணையம் வைத்து ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நவம்பர் 4 அன்று ப்ராபோசிஷன் 50 போட்டு ஆணையத்தின் வரைபடத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஒழுக்கம் சிவப்பு மாநிலத்துக்கு மட்டும்தானா?

இன்னொன்று. நகரமும் கிராமமும் கலந்து இருக்கட்டும் என்று யூட்டா சட்டமன்றம் சொன்னதில் ஒரு நியாயமும் இல்லையா? அந்த மாநிலத்தில் பாதிக்கு மேல் நிலம் ஃபெடரல் அரசிடம். தண்ணீர், மேய்ச்சல், சுரங்கம் எல்லாம் வாஷிங்டனில் முடிவாகிறது. நாலு எம்.பி.யும் அதற்காகப் பேசினால் நல்லதுதானே?

சிகாகோ அக்கா

மாமா, இல்லினாய் பற்றி நீங்கள் சொன்னதற்கு நான் சண்டைக்கு வரமாட்டேன். நான் ஜனநாயகக் கட்சி, ஓட்டும் போடுகிறேன், எங்கள் வரைபடம் அசிங்கம்தான். 13ஆவது தொகுதியைப் பாருங்கள், சாம்பேனில் கிளம்பி ஸ்பிரிங்ஃபீல்டைத் தொட்டு ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் வரைக்கும் பாம்பு மாதிரி போகிறது. கல்லூரி ஊர், தலைநகரம், தொழிலாளர் ஊர் என்று நீலப் புள்ளிகளை மாலையாகக் கோத்தது. ஆகஸ்டில் டெக்சாஸ் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஜெரிமாண்டரை எதிர்த்து ஊரை விட்டு ஓடி வந்து எங்கள் மாநிலத்தில் தங்கினார்களே, அதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. தப்பித்து வந்து சேர்ந்த இடத்தைப் பார்.

ஆனால் மாசசூசெட்ஸ் உதாரணம் தப்பு. அங்கே குடியரசுக் கட்சி ஓட்டு வெண்ணெய் தடவிய மாதிரி மாநிலம் முழுக்கச் சமமாகப் பரவிக் கிடக்கிறது, ஊருக்கு முப்பது நாற்பது சதவீதம். கணித ஆட்கள் கணினி வைத்து முயன்று பார்த்து, அங்கே ஒரு குடியரசுத் தொகுதி வரைவது எவ்வளவு கஷ்டம் என்று காட்டியிருக்கிறார்கள். யூட்டாவில் தலைகீழ். எதிர்க்கட்சி ஓட்டு ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறது. அங்கே ஒன்று வரவில்லை என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். இரண்டு மாநிலத்திலும் விடை பூஜ்யமாக இருக்கலாம், பூஜ்யம் வந்த வழி வேறு.

உப்பேரிக்காரன்

நகரம், கிராமம் கலப்பு பற்றி மாமா சொன்னதை நான் முழுக்கத் தள்ள மாட்டேன். ஃபெடரல் நிலம் இங்கே உண்மையான பிரச்சினை. ஆனால் இந்த வாதத்தைக் கேட்கும்போது நான் கிராமத்துக்காரர் பக்கத்திலிருந்து யோசிக்கிறேன். தெற்கே ப்ளாண்டிங் பக்கம் நவஹோ பழங்குடியினர் வாழ்கிற சான் ஹுவான் கவுண்டியில் 15 ஆயிரம் பேர்கூட இல்லை. அவர்களை நகரத்தின் புறப்பகுதியோடு கட்டினால் எம்.பி. எங்கே போய் ஓட்டுக் கேட்பார்? ஆள் இருக்கிற இடத்தில்தானே. யூட்டாவில் பெரும்பாலான மக்கள் வாசாட்ச் மலையடிவாரத்தில் ஒரு கோடு போல நெருங்கி வாழ்கிறார்கள். நாலு தொகுதியிலும் அந்தக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தால் நாலு எம்.பி.யும் மலையடிவாரத்துக்காரர்களாகத்தான் இருப்பார்கள். கிராமத்துக்கு என்று முழு நேரம் ஒரு ஆள் கிடைக்கமாட்டார். நகரத்துக்கும் கிடைக்கவில்லை. கலப்பில் யாருக்கு லாபம் என்று பார்த்தால், வரைந்தவருக்கு.

பழைய வக்கீல்

இந்தக் கதையில் யாரும் சொல்லாமல் விட்ட ஒரு அத்தியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

2024 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் சட்டமன்றம் என்ன செய்தது தெரியுமா? அவசரக் கூட்டம் போட்டு, சாசனத்தையே திருத்துவோம் என்று அமெண்ட்மெண்ட் டி கொண்டுவந்தது. மக்கள் முன்மொழிவு, அதாவது ப்ராபோசிஷன் 4 மாதிரி மக்களே கையெழுத்து வாங்கிக் கொண்டுவரும் சட்டம், எதையும் சட்டமன்றம் மாற்றலாம் என்பது சாரம். சாசனத் திருத்தம் என்றால் மக்கள் ஓட்டு வேண்டும், சரி. ஆனால் வாக்குச்சீட்டில் அதை விளக்குகிற வாசகத்தை எழுதியது அவைத் தலைவர்கள் இருவர். அவர்கள் எழுதியது என்ன? மக்கள் முன்மொழிவு முறையை "வலுப்படுத்த" சாசனத்தைத் திருத்தலாமா என்று! கழுத்தை நெரிக்கிறதற்கு மாலை போடுகிறேன் என்று பெயர். கூடவே வெளிநாட்டுத் தலையீட்டைத் தடுப்பது என்று ஒரு தேன் துளியும்.

கிப்சன் அதையும் செல்லாது என்றார். வாசகம் வாக்காளரை ஏமாற்றுகிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். சாசனத் திருத்தத்தை ஒவ்வொரு கவுண்டியிலும் செய்தித்தாளில் இரண்டு மாதம் வெளியிட வேண்டும் என்று சாசனத்திலேயே இருக்கிறது, அதைச் செய்யவில்லை. செப்டம்பர் கடைசியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதற்குள் வாக்குச்சீட்டு அடிக்கும் வேலை முடிந்துவிட்டது. ஆக 2024 நவம்பரில் யூட்டா மக்கள் கையில் கிடைத்த சீட்டில் அமெண்ட்மெண்ட் டி இருந்தது, ஓட்டும் போட்டார்கள், யாரும் எண்ணவில்லை.

அதன் பிறகு 2025 ஆகஸ்டு 25 அன்று, 2020ல் வெட்டிச் சுருக்கிய சட்டம் செல்லாது, ப்ராபோசிஷன் 4தான் சட்டம் என்று கிப்சன் சொன்னார். புதிதாக வரையச் சட்டமன்றத்துக்கே முதல் வாய்ப்பும் கொடுத்தார். மாமா, இதைக் கவனியுங்கள், எடுத்ததுமே எதிர்வீட்டுக்காரன் பத்திரத்தை வாங்கவில்லை. அவர்கள் அக்டோபரில் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். இரண்டு தொகுதி கொஞ்சம் போட்டியுள்ள மாதிரி, ஆனால் நாலும் குடியரசுப் பக்கம் சாய்கிற மாதிரி. கட்சிச் சாய்வை எப்படி அளக்க வேண்டும் என்று தனியாக ஒரு சட்டத்தையும் சேர்த்துப் போட்டார்கள். தேர்வு எழுதுகிற பையனே கேள்வித்தாளையும் தயாரித்த கதை. அது ஒழுங்காக இருந்திருந்தால் நவம்பர் 10 தேவைப்பட்டிருக்காது.

ஃப்ரிஸ்கோ மாமா

அமெண்ட்மெண்ட் டி வாசகம் எனக்குத் தெரியாது. அது கேவலம்தான், ஒத்துக்கொள்கிறேன். வலுப்படுத்துகிறேன் என்று எழுதியதற்குப் பதிலாக "எங்களுக்கு அதிகாரம் கொடுங்கள்" என்று நேராகக் கேட்டிருக்கலாம். யூட்டாவில் ஜெயித்தும் இருப்பார்கள்.

எங்கள் டெக்சாசில் அந்த வேஷமே இல்லை. 38ல் 25 கையில் இருந்தது, அதிபர் இன்னும் ஐந்து வேண்டும் என்றார், பத்து வருஷம் பாதிகூட ஆகாத நிலையில் ஆகஸ்டில் வரைந்தார்கள். லாபத்துக்குத்தான் வரைகிறோம் என்று வாய்விட்டே சொன்னார்கள். நவம்பர் 18 அன்று எல் பாசோவில் மூன்று நீதிபதிகளில் இருவர் இனத்தை வைத்து வரைந்திருக்கிறீர்கள் என்று நிறுத்தினார்கள், தீர்ப்பை எழுதியவர் டிரம்ப் நியமித்தவர். டிசம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் 2026க்கு இந்த வரைபடத்தையே வைத்துக்கொள் என்றது. நான் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவன்தான், ஆனால் உண்மையைச் சொன்னால் இந்த அவசரம் எனக்கும் பிடிக்கவில்லை. ஐந்து என்பது 2024ல் லத்தீன் வம்சாவளி மக்கள் போட்ட மாதிரியே மறுபடியும் போடுவார்கள் என்ற நம்பிக்கையில் வரைந்தது. போடாவிட்டால்? மெல்லிசாகத் தேய்த்த தோசை கிழியும்.

உப்பேரிக்காரன்

மாமா, தோசையை நான் எடுத்துக்கொள்கிறேன், அடுத்த முறை இங்கே பேச்சு வரும்போது சொல்வேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். என் பக்கத்து வீட்டுப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர், வாழ்நாள் முழுக்கக் குடியரசுக் கட்சி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகத் தவறாதவர். பனி தள்ளிக்கொண்டே பேசினோம். 2018ல் ப்ராபோசிஷன் 4க்கு ஆம் என்று போட்டாராம். தீர்ப்புப் பற்றிக் கேட்டால், "சரியான தீர்ப்பு" என்றார். மெக் ஆடம்ஸ் புதுத் தொகுதியில் மறுபடி நிற்கிறேன் என்று அறிவித்திருக்கிறாரே, உங்கள் வீடு அதில் வந்தால் அவருக்குப் போடுவீர்களா என்றேன். "எதற்கு? அவனைத் தோற்கடிக்க வேண்டும்" என்றார். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஒரு முரண்பாடும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அப்புறம் மளிகைக் கடைக்குப் போனேன். வாசலில் ஒரு பையன் அட்டையும் பேனாவுமாக நிற்கிறான். ப்ராபோசிஷன் 4ஐ ரத்துச் செய்யக் குடியரசுக் கட்சி கையெழுத்து வாங்குகிறதே, அதற்கு. சுமார் 1,41,000 கையெழுத்து வேண்டும், மாநில செனட் தொகுதிகள் 29ல் 26லிருந்து வந்திருக்க வேண்டும். இப்போது அவர்களும் மக்கள் முன்மொழிவு வழிக்கே வந்துவிட்டார்கள், அது வேறு விஷயம். கையெழுத்துப் போடுங்கள் சார் என்றான். நான் குடிமகன் இல்லை, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன் என்றேன். "ஓ, மன்னிக்கவும்" என்று எனக்குப் பின்னால் வந்த அம்மாவிடம் போய்விட்டான்.

வாத்தியார் சார் சொன்ன 8,17,904ல் நான் இருக்கிறேன். கணக்கெடுப்பில் விசாக்காரர், குழந்தை, கைதி எல்லோரையும் எண்ணுவார்கள். லீஹை, டிரேப்பர் பக்கம் உள்ள நம் ஐ.டி. குடும்பங்களை எல்லாம் தலை எண்ணித்தான் அந்தக் கோடு வளைகிறது. ஓட்டு மட்டும் இல்லை.

தஞ்சாவூரான்

வாத்தியார் சார், உங்கள் பதிவைப் படித்துவிட்டு நானும் அந்தத் தளத்தில் உட்கார்ந்தேன். வடக்குத் தொகுதி வந்துவிட்டது. ரிச் கவுண்டியில் மிச்சமான முன்னூறு சொச்சம் பேரை எங்கே சேர்ப்பது? பக்கத்தில் சம்மிட் என்று ஒன்று தெரிகிறது, அதில் போடலாமா?

கணக்கு வாத்தியார்

போடலாம், ஆனால் அந்த மிச்சம் சம்மிட் எல்லையைத் தொடுகிற பக்கமாக, தெற்கிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். வடக்கு மூலையில் எடுத்தால் தீவு மாதிரித் தனியாக நின்றுவிடும், தளம் சிவப்புக் குறி காட்டும். நானும் முதல் தடவை அங்கேதான் மாட்டினேன். இப்போது மணி என்ன அங்கே? போய்த் தூங்கு.